ஐந்து ஆம்பியர்

"ஹீட்டர் போடப் போறேன்!"

எதிர்க் கட்டடத்து மூன்றாம் மாடியிலிருந்து ஸுஹைலின் குரல் சந்துக்கு மேலாக வந்தது. சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த மாஹிர் பல்லைக் கடித்தபடி பால்கனிக்குப் போனார்.

"பொறுக்கணும்! இங்க இஸ்திரி ஓடுது!"

"எவ்வளவு நேரம்?"

"ரெண்டு சட்டை!"

அண்ணன் தம்பிக்குள் மிச்சமிருக்கும் பேச்சு இவ்வளவுதான். அப்பாவின் மிட்டாய்க் கடையைத் தம்பியிடம் ஒரு வார்த்தை கேட்காமல் விற்றுவிட்டார் ஸுஹைல். அதன்பிறகு பெருநாளுக்குக்கூட ஒருவர் வாசலை இன்னொருவர் மிதிக்கவில்லை. மாஹிர் வாயில் 'அண்ணே' என்ற சொல் வந்து வருஷங்கள் ஆகின்றன.

ஆனால் லெபனானில் கரண்டுக்கு மனுஷர்களின் கோபதாபம் தெரியாது. அரசாங்க மின்சாரம் வந்தால் வரவு. தெரு ஜெனரேட்டர்காரரிடம் இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஐந்து ஆம்பியர் இணைப்பு, சண்டைக்கு முன்பே வாங்கியது. மாஹிர் வீட்டிலிருந்து ஒரு ஒயர் சந்துக்கு மேலே தொங்கியபடி அண்ணன் வீட்டுக்குப் போகும். அண்ணன் பங்குப் பணம் மாதாமாதம் கயிறு கட்டிய கூடையில் கீழே இறங்கும். மாஹிரின் மனைவி விஸால் போய் எடுத்து வருவாள்.

ஹீட்டரும் இஸ்திரியும் ஒன்றாக ஓடினால் பிரேக்கர் விழுந்துவிடும். விழுந்தால் இரண்டு வீடும் இருட்டு. அதனால்தான் இந்தக் கத்தல்.

"குளிக்கிறதுக்குக்கூட ஊர் கேக்க அனுமதி வாங்கணும். அலுத்துப் போச்சு விஸால்." மாஹிர் நாற்காலியில் சரிந்தார். "வீடு முழுக்க சோலார் போடப் போறேன். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், தண்ணி மோட்டார், ஹீட்டர் எல்லாம் ஒரே நேரத்துல ஓடணும். எவனையும் கேக்கக் கூடாது."

"யாரு மாட்டுவா?"

"நான்தான். வீடியோ பாத்துக் கத்துக்கறேன்."

"ஷாக் அடிச்சா அதையும் வீடியோ எடுத்து வைக்கறேன்," என்றாள் விஸால். பிறகு குரல் இறங்கியது. "அப்ப அந்த ஒயரு?"

"வெட்டிடுவேன்."

"அதையும் வெட்டிட்டா அவரோட பேச வேற என்ன இருக்கு, மாஹிர்?"

"அதுக்குத்தானே இவ்வளவும்!"

பட்டென்று வீடு இருண்டது. "போட்டுட்டான் பாரு ஹீட்டரை!" என்று சபித்துக்கொண்டே மாஹிர் டார்ச்சுடன் படி இறங்கினார். படிக்கட்டு ஜன்னல் வழியே பார்த்தால் அண்ணன் வீட்டுச் சமையலறை பளிச்சென்று இருந்தது.

பிரேக்கரைத் தூக்கிவிட்டு, முழங்காலைப் பிடித்தபடி மேலே வந்தார். "நாம இருட்டுல தடவறோம், அங்க ஜெகஜோதியா இருக்கு!"

"சார்ஜ் விளக்கா இருக்கும். அவரைத் திட்டாத. இஸ்திரிப் பெட்டியை நீ அணைக்கல, அது தெரியாம நான் பேசிக்கிட்டே தண்ணி மோட்டாரைப் போட்டுட்டேன்."

அந்தக் கோடை முழுவதும் மொட்டைமாடியில் கழிந்தது. இரும்புச் சட்டம் பற்றவைத்து விரல் பொசுங்கியது. பேனலைத் தெற்குப் பார்த்து நிறுத்தினால் வேறு சங்கடம். அண்ணன் குடியிருக்கும் கட்டடம் இரண்டு மாடி கூடுதல் உயரம். அதன் உச்சி இங்கிருந்து கண்ணுக்கு எட்டாது; நிழல் மட்டும் மதியத்துக்குமேல் வந்து பேனலில் படுத்துக்கொண்டது.

"வெயிலைக்கூட மறிக்கிறான்," என்று புலம்பியபடி சட்டத்தைப் பிடுங்கி வேறு மூலையில் நட்டார். லிஃப்ட் செத்துப் பல காலம். பேட்டரியை ஒவ்வொரு படியாக ஏற்றி முடித்தபோது இடுப்பு தனியாகக் கழன்றுவிட்டது போலிருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம், சாமான் விற்ற துறைமுகத்துக் கடைக்காரர் நதீர் இணைப்புகளைச் சரிபார்க்க வந்தார். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுப் பார்த்தார்கள். ஃபிரிட்ஜ் உறுமியது, மெஷின் சுழன்றது, ஹீட்டர் எரிந்தது, விளக்கு இமைக்கக்கூட இல்லை.

"கை தேர்ந்த வேலை, முதலாளி!" என்றார் நதீர்.

மாஹிருக்குச் சிரிக்கவும் தெம்பில்லை. ஜெனரேட்டர் பிரேக்கரை இறக்கிவிட்டு, இடுக்கியை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனார். விஸால் கதவோரம் நின்று பார்த்தாள்.

"என்ன ஒயர் அது?" என்று கேட்டார் நதீர்.

"எதிர் வீட்டுக்குப் போறது. அங்க என் கூடப்பிறந்தவன் இருக்கான். இன்னியோட முடிஞ்சுது. இருட்டுல கிடக்கட்டும்."

நதீர் எட்டிப் பார்த்தார். "அந்தப் பச்சை ஜன்னல் வீடா? அவர் உங்க அண்ணனா?" சிரித்துவிட்டார். "அங்க எங்க இருட்டு? போன ரமலானுக்கு முன்னாடியே வீடு முழுக்க சோலார், நான்தான் மாட்டினேன். இந்த ஒயரை அப்பவே கழட்டியாச்சு. சுருட்டி எடுத்துடட்டுமான்னு கேட்டேன். 'முனையில டேப் சுத்திடு, ஆனா வெளிய தொங்கட்டும்'னுட்டார்."

இடுக்கி ஒயரைக் கவ்வியபடி நின்றது. போன ரமலானிலிருந்து எத்தனை கத்தல், எத்தனை கூடை!

எதிரே பச்சை ஜன்னல் திறந்தது.

"ஹீட்டர் போடப் போறேன்!"

விஸால் புருஷன் முகத்தையே பார்த்தாள். இஸ்திரிப் பெட்டி அலமாரியில் கிடந்தது. மாஹிர் இடுக்கியைக் கீழே வைத்துவிட்டு, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, பலங்கொண்ட மட்டும் கத்தினார்.

"கொஞ்சம் பொறுங்க அண்ணே, இங்க இஸ்திரி ஓடுது!"