கட்டை மேல் ஏற்றிய வண்டி

சாவியை உருவிவிட்டால் வண்டியை நிறுத்தியாயிற்று என்று நினைக்கிறான் இந்தக் காலத்து ஆள். நாலு மாதம் கழித்து வந்து, டயர் உட்கார்ந்துவிட்டது, ஒயரை எலி கடித்துவிட்டது என்று ஊரையே வைவான்.

பெரியவர் அப்படி விடுகிற ஆள் இல்லை.

ஜாக்கி போட்டுத் தூக்கி, அச்சுக்கு அடியில் வேப்பங்கட்டை கொடுத்தார். பேட்டரியைக் கழற்றினார். சைலன்சர் வாயைத் துணியால் அடைத்தார். எலி அண்டாதபடி என்ஜின் சந்துகளில் புகையிலை செருகினார்.

ஆயுசு முழுக்க லாரி ஓட்டிய கை. ஓய்ந்த பிறகு இந்த வேனை வாங்கி, உள்ளே கட்டிலும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் அவரே வைத்தார். அவரும் மனைவி பாவாத்தாளும் அதில் ஏறாத மலை இல்லை.

சவ்வரிசி ஆலைக் கொட்டகையில் இடம் கொடுத்த பொங்கியண்ணன் வந்து நின்றார்.

"நெஞ்சைப் பொளந்து தைக்கப் போறாங்க. இனி இது எதுக்குங்கண்ணா? வித்துப் போடுங்க."

"ஆபரேசன் எனக்குத்தான். வண்டிக்கு இல்ல."

பொங்கியண்ணன் சிரித்துக்கொண்டே போனார்.

அந்தச் சிரிப்பையும் அவர் நம்பவில்லை. பொங்கியண்ணனிடம் கொடுக்க வைத்திருந்த மாற்றுச் சாவியையும் இடுப்பில் செருகிக்கொண்டார்.

தொட்டித் தண்ணீரை வடியவிட்டு உள்ளே ஏறினார். ஒரு பருக்கை கிடக்கக் கூடாது. சந்து பொந்தெல்லாம் துடைத்தார்.

பின்னாலேயே ஏறிய பாவாத்தாள், அடுப்பருகே ஒரு கிண்ணத்தை வைத்தாள்.

ஒரு பொட்டலம் கல்லுப்பு. ஒரு பிடி அரிசி.

"ஏம்புள்ள, எலிக்குப் பந்தி வெக்கறயா?"

"வெறும் வீடாப் போட்டுட்டுப் போகக் கூடாதுங்க. திரும்பி வரமாட்டோம்னு ஆயிரும்."

"இது வீடா? வண்டி."

அவள் கிண்ணத்தை எடுக்கவில்லை. அவர் முகத்தைப் பார்க்கவும் இல்லை.



அவர் எவர்சில்வர் டப்பா ஒன்றைத் தேடி எடுத்தார். உப்புப் பொட்டலத்தை வைத்தார். அரிசியைக் கொட்டினார். எட்டிப் பார்த்தார்.

ஒரு ஆள் சோற்றுக்குத்தான் காணும்.

அவளுடைய அரிசிப் பைக்குள் கைவிட்டு இன்னொரு பிடி அள்ளிப் போட்டார்.

மூடியை அமுக்கி, டியூப் ரப்பரால் இறுக்கிக் கட்டினார்.

"அரிசி வெச்சாத்தான் ஆளு திரும்பி வருமாம்" என்று முனகிக்கொண்டே இறங்கி, கொட்டகைக்கு வெளியே நடந்தார்.