பெட்டிக்குள் ஒரு சிமெண்ட் கட்டி

செகந்திராபாத் கணினிச் சந்தையில், என் ரிப்பேர் மேசை மேல் பவர் சப்ளை பெட்டியின் மூடியைக் கழற்றுகிறேன். கருகிய பிசின் வாடை முகத்தில் அடிக்கிறது. கல்யாண வீடியோ தொகுக்கும் சொரூபா, புதிய கிராபிக்ஸ் கார்டை மடியில் வைத்துக்கொண்டு எட்டிப் பார்க்கிறாள். "இதைத் தாங்குமா அண்ணா? இந்த சீசன் கல்யாணமெல்லாம் அந்த மெஷின்லதான் இருக்கு." கார்டு மட்டுமே இருநூற்றைம்பது வாட் இழுக்கும். அதற்குப் பெரிய மின்தேக்கிகளும், சூட்டை வாங்கிக்கொள்ளத் தடித்த அலுமினியமும் வேண்டும். நல்ல பெட்டி கனக்கும் என்பதால் இங்கே எல்லோரும் கையில் தூக்கிப் பார்த்தே வாங்குகிறார்கள். இதிலோ சுண்டுவிரல் நுனி அளவில் மின்தேக்கிகள். பக்கத்தில் கோந்து வைத்து ஒட்டிய சிமெண்ட் கட்டி. அதன் விரிசலில் கரப்பான் முட்டைகள். சொரூபா துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு, பெட்டியையும் மூடியையும், அதை விற்ற எதிர்க்கடை யாதகிரியின் முன்னால் கொண்டுபோய்ப் போடுகிறாள். "இதுதான் உங்க அறுநூற்றைம்பது வாட்டா?" யாதகிரி சமோசாவை மென்றபடியே, "நீதானம்மா தூக்கிப் பாத்து நல்ல கனம்னு சொன்னே?" என்கிறார். "கல்லையா கேட்டேன்?" "கத்தாதே, வேற தர்றேன்." "உங்க கையால ஒரு ஸ்க்ரூ கூட வேணாம்." கார்டை மார்போடு அணைத்தபடி அவள் படியிறங்குகிறாள். யாதகிரி எண்ணெய் விரலால் தூசியைத் துடைத்து, கட்டி இருந்தபடியே மூடியை முடுக்கி, பெட்டியை அலமாரியில் வைக்கிறார். ஹெல்மெட்டைக் கழற்றாத ஒருவன் வந்து அதைத் தூக்கிப் பார்க்கிறான். முகம் மலர்கிறது. "நல்ல கனமா இருக்கே!"