பனியில் அரைக்கைச் சட்டை

ஊர் ஊராகச் சுற்றிப் படமெடுக்கும் ஸ்டான்லியின் புகைப்படக் கண்காட்சி, செங்கல்பட்டில் ஒரு சிறிய அருங்காட்சியகத்தில் நடந்தது. கல்பாக்கத்தில் கிடைத்த வேலையை அவன் உதறிய நாளிலிருந்து முகம் கொடுத்துப் பேசாத அப்பா ஆபிரகாம், முதல் நாளே வந்துவிட்டார். செங்கல்பட்டைத் தாண்டி அவர் எங்கும் போனதில்லை.

அவரோடு படங்களைப் பார்த்துக்கொண்டு வந்தபோதுதான் ஸ்டான்லி கவனித்தான். லடாக் பனியில், டீக்கடை ஓரமாக, அரைக்கைச் சட்டையோடு அப்பா நின்றுகொண்டிருந்தார். மொராக்கோ சந்தையிலும் நின்றார். நார்வே படகுத்துறையிலும் நின்றார். படமெடுத்தபோது அங்கே அவர் இல்லை.

"நைனா, இது இன்னா?"

ஆபிரகாமுக்கு வெட்கமாகிவிட்டது. "தனியா போறியேடா. துன்னியா இல்லியான்னு பாத்துட்டு வருவேன். அவ்ளோதான்."

"என்னைக் கூப்ட்டிருக்கலாமே?"

"நமக்குத்தான் பேச்சே இல்லியே."

ஸ்டான்லி அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அடுத்து எங்க போறே?" என்று கேட்டார்.

"சைபீரியா. செம குளுரு."

அன்று மாலையே கடைத்தெருவில் அப்பாவின் அளவுக்குக் கனமான ஸ்வெட்டர் ஒன்றை வாங்கிப் போட்டுவிட்டான். சித்திரைப் புழுக்கத்திலும் அவர் அதைக் கழற்றவில்லை. வீடு திரும்பும் கல்பாக்கம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் தூங்கிப்போனார். திருக்கழுக்குன்றம் தாண்டியபோது கண் விழித்தார். ஸ்வெட்டரின் தோளில் கொஞ்சம் பனி ஒட்டியிருந்தது. ஸ்டான்லி அதைத் தட்டிவிட்டான். விரல் சில்லிட்டது.

"அங்க நாஸ்தாவுக்கு ரொட்டி மட்டுந்தான் கீது," என்றார் ஆபிரகாம். "ஊறுகா எடுத்துகினு போ."