ஐந்தாவது ஸ்டெதாஸ்கோப்

மருத்துவ மாணவர்களின் தேர்வுக்காகக் கட்டிலில் வந்து படுக்கும் நோயாளிகள், பிள்ளைகள் மேல் இரக்கப்பட்டு நோயின் பெயரைக் காதோடு சொல்லிவிடுவது வழக்கம்தான். பிச்சம்மாளும் சொல்லியிருந்தாள். நான்கு பேர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்த மாத்திரத்தில் அவள் இதயத்தின் இரைச்சலைக் கச்சேரி கேட்டவர்கள் போல வர்ணித்தார்கள். மதிப்பெண் தாளில் மருத்துவருக்குரிய நடத்தை என்ற கட்டத்தில் தேர்வாளர் டாக்டர் தணிகாசலம் நால்வருக்கும் பத்துக்குப் பத்து போட்டார்.

ஐந்தாவதாக வந்த நசீமா நெடுநேரம் கேட்டாள். பிறகு, "வால்வு சுருக்கம்னு இந்த அம்மாவே சொல்லிட்டாங்க சார். ஆனா எனக்கு ஒரு இரைச்சலும் கேக்கல," என்றாள்.

தணிகாசலத்துக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. போன வருடம் அந்தச் சுருக்கத்தைக் கண்டுபிடித்தவரே அவர்தான். தன் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார். இடம் மாற்றி வைத்தார். பிச்சம்மாளை ஒருக்களிக்கச் சொல்லி, மூச்சைப் பிடிக்கச் சொல்லி மறுபடி வைத்தார். லப், டப். அவ்வளவுதான்.

"எனக்கும் கேக்கலம்மா," என்றார் மெல்ல.

பிச்சம்மாள் விருட்டென்று எழுந்து உட்கார்ந்தாள். "அப்ப எனக்கு நோவு இல்லியா சார்?"

அவர் நசீமாவின் பக்கம் திரும்பினார்.

"இன்னொரு தடவை கேட்டுச் சொல்லுங்க, டாக்டர்."