வயதாகாத டயர்

அரசு ஜீப்பின் முன்டயர் மழித்த தலைபோல் மொழுமொழுவென்று ஆகி, ஓரத்தில் கம்பி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. ஓட்டுநர் சூசைராஜ் மூன்றாவது மனுவோடு அதிகாரி தணிகாசலத்தின் முன் போய் நின்றார். தணிகாசலம் மனுவைப் படிக்கவில்லை, விதிப்புத்தகத்தைப் படித்தார். "நாப்பதாயிரம் கிலோமீட்டர் ஓடினாத்தான்யா டயர் மாத்தணும். உன் மீட்டர் முப்பத்தோராயிரம்தானே காட்டுது?" "மீட்டர் நின்னு ரெண்டு வருஷமாச்சுங்கய்யா. வண்டிதான் நிக்காம ஓடுது." "ஆவணப்படி டயருக்கு இன்னும் வயசாகலை. ஆவணத்தை நான் பொய்யாக்க முடியுமா?" "இன்னிக்கு உங்க கூட்டத்துக்கு மழையில மலை ஏறணுங்கய்யா. ஒருவாட்டி தொட்டாவது பாருங்க." தணிகாசலம் பெருந்தன்மையோடு எழுந்து வந்து, ஆசீர்வாதம் செய்வதுபோல டயரின்மேல் கை வைத்தார். கம்பி குத்தியது. உள்ளங்கையில் ஒரு துளி ரத்தம். அதைக் கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டார். பிறகு உள்ளே போய், 'டயர் நல்ல நிலையில் உள்ளது' என்று எழுதிப் பச்சை மையில் கையெழுத்திட்டார். புறப்படும் நேரம் சூசைராஜ் பின்கதவைத் திறந்து பிடித்தார். "என்னைப் பஸ் ஸ்டாண்டுல விட்டுரு, நான் பஸ்ல மேல வந்துடறேன்," என்றார் தணிகாசலம். "நீ வண்டியை மேல கொண்டாந்து, அங்க பஸ் ஸ்டாண்டுல என்னை ஏத்திக்க. கூட்டத்து வாசல்ல நான் ஜீப்லேருந்துதான் இறங்கணும், பாத்துக்க." "சரிங்கய்யா," என்றார் சூசைராஜ். கொண்டை ஊசி வளைவுகளை விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். பத்து விரலும் போதவில்லை.