எட்டாவது இசைத்தட்டு

"அப்பாவோட ரெக்கார்டை கம்ப்யூட்டர்ல ஏத்தச் சொன்னா, அத்தனையையும் பாழாக்கி வெச்சிருக்கே."

தன் காதிலிருந்த ஹெட்போனைப் பிடுங்கி மேஜைமேல் போட்டான் அண்ணன். அப்பா போய்ப் பதினெட்டு நாள்.

தங்கை துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு வாரம் கடை கடையா ஏறி இறங்கி வாங்கி அனுப்பின ரெக்கார்டு பிளேயர். முதல்முதலா வாங்கறவங்களுக்கு இது போதும், ஊசி ரெக்கார்டைத் தேய்க்காது, ஒயரை கம்ப்யூட்டர்ல சொருகினா பாட்டு நேரா இறங்கிடும்னு கடைக்காரர் சொன்னார். நீ என்ன பண்ணியிருக்கே?"

"சொருகினேனே."

"சொருகினே. எதுலேருந்து பதியணும்னு கம்ப்யூட்டருக்குச் சொல்லலையே. அது தன்னோட மைக்ல பதிஞ்சு தள்ளியிருக்கு. பாட்டு கிணத்துக்குள்ள கேக்குது. ஃபேன் சத்தம், குக்கர் விசில்... போதாததுக்கு யாரோ ஓயாம இருமிட்டே இருக்காங்க."

அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். மறுபடி துணியை எடுத்தாள்.

"எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதாண்ணா."

"தெரியலைன்னா ஒரு போன் பண்ணிக் கேக்கறது. ஆனா போன்னாலே உனக்கு ஆகாதே. கடைசி நாலு மாசம் எப்பக் கூப்பிட்டாலும் ஒரே பதில், 'அப்பா தூங்கறார்.' பெத்தவர் குரலை ஒரு தடவை கேக்க விடலை நீ. அதை நான் மறக்க மாட்டேன். ரெக்கார்டை எடுத்துட்டுப் போறேன். இனிமே இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்."

"எடுத்துக்கோ. கம்ப்யூட்டர்ல இருக்கறதை நான் அழிச்சுடறேன். பாழாப் போனதுதானே."

திரையில் இருந்த பட்டியலில் அவள் விரல் நேராக எட்டாவது பதிவுக்குப் போயிற்று.

அவன் கையைத் தட்டிவிட்டான். "அதுல என்ன இருக்கு?"

"வேண்டாம்ணா. கேக்காதே."

ஹெட்போன் ஒயரைப் பிடுங்கிவிட்டு எட்டாவதை அழுத்தினான்.

ஒரு வயலின், எங்கோ தூரத்தில். பாட்டு முடிந்தும் ஊசி கரகரத்துக்கொண்டே இருந்தது. நடுவில் ஒரு போன் அடித்தது. அந்தப் பதிவுக்குள்.

தங்கையின் குரல்: "அண்ணன்ப்பா. இன்னைக்காவது பேசுங்க."

அதே இருமல். அடங்க நேரம் பிடித்தது. பிறகு நூலாக ஒரு குரல்.

"தூங்கறேன்னு சொல்லு. இந்தக் குரலைக் கேட்டான்னா போட்டது போட்டபடி ஓடி வந்துடுவான். ரெண்டு வருஷம் வீட்ல முடங்கிக் கிடந்தவன், இப்பதான் ஒரு வேலையில ஒட்டியிருக்கான். பாதியில வந்தா திரும்பச் சேத்துப்பாங்களா?"

"தினம் இதையே சொன்னா அவன் என்னைத்தானேப்பா தப்பா நினைப்பான்?"

"நினைப்பான்."

கரகரப்பு மட்டும் கேட்டது. போன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.

"சரி, நினைச்சுக்கட்டும். நீங்க இருமாம இருங்க."

போனை எடுக்கும் சத்தம்.

"சொல்லுண்ணா... அப்பா தூங்கறார்."