ஆறாம் நம்பர் கடை

பழவேற்காட்டின் பழைய கடைத்தெருவை இடித்துப் புது வளாகம் கட்டியபோது, குலுக்கலில் டீக்கடை ஜோயலுக்கு விழுந்தது ஆறாம் நம்பர் கடை. வளாகத்தின் பின்பக்கம், கழிப்பறைக்குப் பக்கத்தில். படகுத்துறையைப் பார்த்த முதல் நம்பர், வலைக்கடை தேசம்மாவுக்கு.

ஒரே மாதம்தான். ஜோயல் பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தான்.

“மீஞ்சூருக்கே திரும்பிடலாம்யா,” என்றாள் மனைவி சோபியா. “இங்க ஈ கூட டீ குடிக்க வரல.”

அப்போது தேசம்மா வந்து நின்றாள்.

“இன்னா ஜோயலு, சாமானெல்லாம் கட்டிட்டியே! அதுக்குள்ள யாரு சொன்னா? நல்லதாப் போச்சு. நாளைக்கு நான் இங்க சரக்கு எறக்கணும்.”

சோபியாவுக்குச் சுருக்கென்றது. “நாங்க ஊரை விட்டுப் போறதுக்குள்ள இந்தக் கடை கேக்குதாக்கா உங்களுக்கு? முன்னாடி கடை பத்தலியா?”

“ஊரை விட்டா? எதுக்குடி?” தேசம்மா இடுப்பிலிருந்த சாவியை எடுத்து நீட்டினாள். “முன்னாடி கடைக்குப் போங்க. இந்தா சாவி.”

ஜோயல் விழித்தான்.

“ஏரியில நல்ல எடத்துல தெனமும் ஒருத்தனேவா வலை போடறான்?” என்றாள் தேசம்மா. “நாளுக்கு ஒருத்தர்னு முறை வச்சுப் பாடு மாத்திக்கறோம்ல? கடையையும் மாசத்துக்கு ஒருத்தரா மாத்திக்கலாம்னு நேத்து மத்த அஞ்சு கடைக்காரங்களும் பேசிட்டோம். மொதல்ல நீ.”

“அக்கா, நான் வெளியூர்க்காரன். எனக்கு ஏரியில பாடு கெடையாதே.”

“ஏரியில கெடையாதுதான்.” தேசம்மா பாய்லரின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். “சோபியா, நீ அந்தப் பக்கம் புடி. போட்டுங்க கரைக்கு வர நேரமாச்சு.”